பள்ளி மதிலைத் தாண்டாத சத்தம்

என்னோடு வேலை செய்யும் ஒருத்தி கிற்றார் பழகத் தொடங்கியிருக்கிறாள். போன கிழமை ஒரு சின்னப் பெட்டி நிறையப் பிக்குகளை வாங்கிவந்து என் மேசையில் கொட்டினாள். கம்பியை மீட்டுவதற்கு இரண்டு விரல்களுக்கிடையில் பிடிப்பார்களே, அந்த முக்கோணத் துண்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் தடிப்பு எவ்வளவு என்று அச்சடித்திருந்தது. "இதுல எது நல்லம்?" என்று கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "கதவச் சாத்திட்டு ஒவ்வொண்டா அடிச்சுப் பாருங்க. வெளிய எது கேக்கல்லையோ, அதுதான் நல்லம்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பிக்குகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து வயதில் படித்த பாடம் அது. ஐந்தில் வளைந்தது ஐம்பதிலும் நிமிராது போலிருக்கிறது.

அப்போது நாங்கள் தில்லையடியில் இருந்தோம். எங்கள் ஒழுங்கை ஒரு குறுகிய சந்து, அதன் முனையில் பள்ளிவாசல். அங்கிருந்து எண்ணினால் மூன்றாவது வீடு எங்களுடையது. வாப்பா அந்தப் பள்ளியின் மோதினார்; ஐந்து நேரமும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது அவர் வேலை. ஒரு பாங்குக்கும் மறு பாங்குக்கும் இடையில் ஓட்டோ ஓடுவார். கரண்ட் இல்லாத நாட்களில் வெறும் தொண்டையால் சொன்னாலும் அவருடைய பாங்கு உப்பளம் வரை கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் குரல் வீட்டுக்குள் வந்தால் எங்கே போகுமோ தெரியாது. கறியில் உப்புக் கூடினால்கூட ஒரு சொல் சொல்லமாட்டார்; தண்ணீர்க் கோப்பையை மட்டும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார். கோபத்தினால்தான் அவர் கதைப்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன். அதனால் அவர் வீட்டில் இருக்கும்போது நானும் பூனைபோலத்தான் நடப்பேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சின்ன மாமா கிற்றாரோடு வந்து இறங்கினார். அவர் உம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் ஐந்து வருடம் பாத்திரம் கழுவியவர். கட்டாரிலிருந்து வருகிறவர்கள் போர்வை கொண்டுவருவார்கள், அத்தர் கொண்டுவருவார்கள், பால்மா கொண்டுவருவார்கள். மாமா கறுப்புப் பை ஒன்றை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். அறையில் கூட இருந்த பிலிப்பீன்காரர் ஒருவர் பழக்கிவிட்டாராம். பையின் சிப்பைத் திறந்ததும் உம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை.

"மோதினார்ட வீட்டுல கிற்றாரா தம்பி? ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு நான் சொல்லப் போறல்ல, தாத்தா" என்றார் மாமா. எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து வாப்பா வீட்டுக்கு வந்தார். அலுமாரியில் சாய்ந்து நின்ற கிற்றாரைப் பார்த்தார். உம்மா குசினி வாசலில் அசையாமல் நின்றார். வாப்பா கைகழுவி, கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"வாசிங்க மச்சான். ஒழுங்கைக்குக் கேக்கப் படாது."

அவ்வளவுதான் தீர்ப்பு. மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பிக் தடிப்பானது, கறுப்பு நிறம். அன்றே அந்தப் பிக்கால் இரண்டு தரம் கம்பியைத் தட்டிக் காட்டினார். பக்கத்து வீட்டுக் கோழிகள் கூட்டுக்குள் சத்தம் போட்டன. மறுநாள் அந்தப் பிக்கைக் காணவில்லை. கிற்றாரை எறிய மனம் வராமல் உம்மா பிக்கை மட்டும் அடுப்பில் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "அதுதானே சத்தம் போட்டது" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் பாதி உண்மை இருந்தது.

அங்கேதான் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. புதுப் பிக் வாங்குவதென்றால் கொழும்புக்குப் போகவேண்டும். மாமா வீட்டில் கிடைத்த பிளாஸ்டிக்கையெல்லாம் என் முன்னால் பரப்பிவைத்தார். உம்மாவின் தையல் கத்தரிக்கோலால் நான் வெட்டுவேன். மாமா பின்னறைக் கதவைச் சாத்தி, ஜன்னலில் தலையணையைச் செருகி, வெட்டிய துண்டால் வாசிப்பார். நான் ஓடிப்போய் முதலில் கிணற்றடியில் நிற்பேன், பிறகு வாசல் படலையில், பிறகு ஒழுங்கையில், கடைசியாகப் பள்ளி மதிலடியில். எங்கே வரைக்கும் கேட்கிறது என்று பார்த்துக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவேன்.

எத்தனை வகை வெட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யோகட் கோப்பையில் வெட்டியது இரண்டாவது பாட்டில் சடக்கென்று வெடித்தது. பழைய போன் காட் அட்டையில் வெட்டியது நல்ல சுத்தமான சத்தம்தான், ஆனால் படலை வரை கேட்டது. ஷாம்பு போத்தலில் வெட்டியது ஒழுங்கைக்குக் கேட்டது. ஒருநாள் ஆசைக்குச் சிரட்டையை உடைத்துச் சீமெந்துப் படியில் தேய்த்து ஒன்று செய்தேன். அதை வைத்து மாமா ஒரே ஒரு தரம் இழுத்தார். பள்ளி மதிலடியில் நின்ற எனக்கு அது பக்கத்தில் அடித்ததுபோலக் கேட்டது. அதற்குப் பூச்சியம் போட்டுக் கடைசி இடத்தைக் கொடுத்தேன்.

முதலாம் இடம் மாஜரின் டப்பா மூடிக்கு. அது மெல்லியது, துவண்டு போகிறது. கம்பியை அது அடிப்பதில்லை, தடவிக்கொண்டு போகும். கிணற்றடிக்கே கேட்காது. வீட்டில் மாஜரின் பூசாத பாண் துண்டே இல்லை என்கிற அளவுக்கு நாங்கள் டப்பாக்களை முடித்தோம், மூடிக்காக.

அந்த மூடிக்கு ஒரு குறை இருந்தது. கை மேலும் கீழும் வேகமாகப் போகும்போது அது வளைந்து, கைக்குப் பின்னால் பிந்தி வரும். மாமா வாசிப்பதில் ஒரு மெட்டு இருந்தது, பிலிப்பீன்காரர் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கிவரும், ஒரு பிள்ளை படிக்கட்டில் இறங்குவதுபோல. நான் அதைப் படிப் பாட்டு என்பேன். மாமாவுக்கும் அதுதான் மிகவும் பிடித்தது. ஆனால் நடுப்படியில் ஒவ்வொரு நாளும் தடக்குவார். மூடி வளைந்து திரும்பிவருவதற்குள் அடுத்த சுரம் போய்விடும். "சே" என்று சொல்லி முதலிலிருந்து தொடங்குவார். அந்த இடம் வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஆறு மாதம் இப்படிப் போனது. அதற்குள் மாமாவுக்குக் கட்டாரிலிருந்து மறுபடியும் விசா வந்துவிட்டது. சனிக்கிழமை பாஸ்போட்டை ஏஜென்சிக்காரரிடம் கொடுக்கவேண்டும். உம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா அங்கே இருந்தபோதுதான் அவர்களுடைய தாய் மவுத்தானார். ஜனாஸாவை அடக்கும்போது மாமாவால் வரமுடியவில்லை. அதற்குப் பிறகு உம்மாவுக்கு விமானச் சத்தம் கேட்டாலே பிடிக்காது. எனக்கோ மாமாவைத் தவிர விளையாட ஆளில்லை. அவர் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் வாப்பாவின் மௌனமும்தான் மிச்சம் என்று எனக்கு அழுகையாக வந்தது.

அந்த நேரத்தில்தான் கற்பிட்டிப் பக்கம் புதிதாகத் திறந்த ஹோட்டலில் பின்னேரங்களில் கிற்றார் வாசிக்க ஆள் தேடுவதாக மாமாவின் கூட்டாளி ஒருவர் சொன்னார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கரைக்கு வெள்ளைக்காரர்கள் வருவார்கள். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று தண்ணீர்மேல் ஓடுவார்கள். "பட்டம் விட விமானம் ஏறி வாற சனத்துக்கு என்ட வாசிப்பு பிடிக்காமப் போகுமா?" என்றார் மாமா. வியாழக்கிழமை பின்னேரம் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்களாம். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் சனிக்கிழமை பாஸ்போட்.

மூடி இரண்டு மூன்று பாட்டுக்கு மேல் தாங்காது, கிழிந்துவிடும் என்பதால் பிக் வெட்டுகிறவளையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்று மாமா உம்மாவிடம் வாதாடினார். நான் புதன்கிழமை முழுவதும் இருந்து, புதுமூடி ஒன்றில் ஐந்து பிக்குகளை அச்சுப்போல வெட்டினேன். முதலாம் இடம் எடுத்தது இருக்கும்போது மற்றவை எதற்கு? ஐந்தையும் மிட்டாய்ப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். போன் காட்டையும் ஷாம்பு போத்தல் துண்டுகளையும் தூக்கிப்பார்க்கவேயில்லை.

வாப்பா ஓட்டோவில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். "உள்ளுக்கு வர மாட்டன். வாசல்ல நிப்பன்" என்று அதோடு சேர்த்தே சொன்னார். அஸர் முடிந்த கையோடு புறப்பட்டோம். வழியில் கழுதைகள் ரோட்டை மறித்து நின்றன. வாப்பா ஹோர்ன் அடிக்காமல் அவை நகரும் வரை காத்திருந்தார். மாமா ஒரு பகிடியும் விடாமல், சிரிக்காமல் வந்தது அன்றுதான்.

ஹோட்டல் என்றால் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு பெரிய மண்டபம், நாலு பக்கமும் திறந்தது. முன்னால் கடல். காற்று என்றால் அப்படி ஒரு காற்று, மேசைத் துணிகளுக்குக் கல்லு வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் ஈரத்தலையோடு இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனேஜர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர், எங்களோடு தமிழிலேயே கதைத்தார். "மைக் எல்லாம் வேணாம் தம்பி. கெஸ்ட்டுக்குக் கடலும் கேக்கணும், கிற்றாரும் கேக்கணும்" என்று சொல்லி, மேசைகளுக்கு முன்னால் கடலைப் பார்த்துப் போட்டிருந்த கதிரையைக் காட்டினார்.

மாமா பிஸ்மி சொல்லித் தொடங்கினார். நான் பக்கத்துப் படியில் இருந்தேன். என் காதுக்கே கிற்றார் கேட்கவில்லை. மூடி கம்பியில் உரசும் டிக் டிக் சத்தம் மட்டும் வந்தது, மற்றதையெல்லாம் காற்று கொண்டுபோய்விட்டது. பாட்டு பாதிக்கு வந்திருக்கும். மனேஜர் குனிந்து மாமாவின் காதருகே கேட்டார்.

"தம்பி, தொடங்கிட்டீங்களா?"

மாமாவின் முகம் சிவந்தது. பலமாக அடித்தார். மூடி இரண்டாக மடிந்தது. நான் அடுத்ததைக் கொடுத்தேன். அதுவும் மடிந்தது. மூன்றாவதைக் கொடுக்கும்போது மாமா மெல்லிய குரலில் கேட்டார்: "வேற இல்லையா மகள்? தடிப்பா?" இல்லையென்று தலையை ஆட்டினேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதமாகக் கேட்காத பிக்குக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்து, கேட்கவேண்டிய இடத்துக்கு அதையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மனேஜர் நல்ல மனிதர். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "டீ குடிங்க. பிறகு இன்னொருக்கா பாப்பம்" என்றார். அந்த 'பாப்பம்' எப்படிப்பட்ட 'பாப்பம்' என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

நான் வாசலுக்கு ஓடினேன். வாப்பா ஓட்டோவில் சாய்ந்துகொண்டு நின்றார். அவரிடம் அழுதது அதற்கு முன் எனக்கு ஞாபகமில்லை.

"கேக்குதில்ல வாப்பா. ஆருக்கும் கேக்குதில்ல."

"என்னத்தால வாசிக்கிறார்?"

"மாஜரின் மூடி."

"ஏன் அதக் கொண்டு வந்த?"

"அதுதான் முதலாம் இடம்."

சாய்ந்து நின்ற வாப்பா நிமிர்ந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"கடைசி இடம் எது?"

"சிரட்டை."

"அப்ப அதத்தான் தேடோணும்" என்றார்.

குசினியின் பின்பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டைகள் குவிந்து கிடந்தன. உள்ளே வரமாட்டேன் என்றவர் வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலி ஓரமாக உள்ளே வந்தார். ஒரு கல்லை எடுத்துச் சிரட்டையை உடைத்தார். வளைவு குறைந்த துண்டாகப் பார்த்து என்னிடம் நீட்டினார். நான் சீமெந்துக் கட்டில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். முதலில் இரண்டு பக்கத்தையும் தேய்த்துத் தடிப்பைக் குறைக்கவேண்டும், பிறகு நுனி. நுனி கூராக இருந்தால் கம்பியில் கொளுவும், மொட்டையாக இருந்தால் சத்தம் மங்கும். அவசரத்தில் என் விரல் தோலும் சேர்ந்து தேய்ந்தது. வாப்பா பக்கத்தில் குந்தியிருந்து இன்னொரு துண்டைத் தேய்த்தார். நடுவில் போனை எடுத்து யாருக்கோ அடித்தார்.

"மஃரிபுக்கு இண்டைக்கு நீங்க பாங்கு சொல்லுங்க. எனக்கு வரச் சுணங்கும்."

காய்ச்சலிலும் பாங்கை விடாத மனிதர் அவர். அதை நினைக்கவும் எனக்கு அப்போது நேரமில்லை. நான் எழுந்து ஓடும்போது பின்னாலிருந்து சொன்னார்: "கடலப் பாத்து இருக்க வேணாம் எண்டு சொல்லு. காத்துக்கு முதுகக் குடுக்கச் சொல்லு. காத்து கொண்டு போய்க் குடுக்கும்." பாங்கு சொல்கிறவருக்குத் தெரியாத காற்றா.

மாமா கதிரையைத் திருப்பிப் போட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டி இருந்தார். சிரட்டைத் துண்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. முதல் இழுப்பில் அது கம்பியில் கொளுவி 'டங்' என்று நின்றது. ஆறு மாதம் துவளும் மூடியை அமத்தி அமத்திப் பழகிய கை. தடித்த பிக்கை அப்படி அமத்தினால் அது நகராது. மாமா நிறுத்தி, கையை உதறி, விரல் நுனியால் மட்டும் லேசாகப் பிடித்து மறுபடி இழுத்தார்.

அந்தக் கிற்றாருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அடிக்கம்பி அதிர்ந்தது படியில் இருந்த என் உடம்புக்கே தெரிந்தது. முதல் மேசையில் ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். குசினியிலிருந்து கோக்கியார் அகப்பையோடு வெளியே வந்து நின்றார். இரண்டு பாட்டு முடிந்து மூன்றாவதாக மாமா படிப் பாட்டைத் தொடங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் படி, இரண்டாம் படி. நடுப்படி வந்தது. தடக்கவில்லை. கை போன இடத்துக்குச் சிரட்டையும் கூடவே போனது. ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் இறங்கி, கடைசிப் படியில் வந்து நின்றது. நான் கண்ணைத் திறந்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஹரி தம்பி" என்று சிங்களத்தில் சரி சொன்னார் மனேஜர். "எப்ப இருந்து வரலாம்?"

"வெள்ளிக்கிழமை ஏலாது. சனிக்கிழமை வாறன்" என்றார் மாமா. பாஸ்போட் கொடுக்கவேண்டிய நாள் அது. மாமா பிறகு அந்தக் கரையை விட்டுப் போகவேயில்லை. அங்கேயே கலியாணம் முடித்து, இப்போது தானே பிள்ளைகளுக்குக் கிற்றார் பழக்குகிறார். உம்மா அன்று இரவு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் பொழுது சாய்ந்தது. ரோட்டோரப் பள்ளி ஒன்றில் வாப்பாவும் மாமாவும் மஃரிப் தொழுதுவிட்டு வந்தார்கள். ஓட்டோ கொஞ்சத் தூரம் போயிருக்கும். வாப்பா ரோட்டைப் பார்த்தபடியே, யாரோடோ கதைப்பதுபோலச் சொன்னார்.

"கடைசியா வாசிச்சீங்களே, அந்தப் பாட்டு. நடுவுல ஒரு இடத்துல எப்பவும் தடக்குவீங்க. இண்டைக்குத் தடக்கல்ல மச்சான்."

மாமா கிற்றார்ப் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். காற்றில் மண் பட்டிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அதைப் பார்க்க எங்கே நேரம், பெருமை தலைக்கேறி இருந்தது. தடக்காமல் வாசிக்க வைத்தது என் சிரட்டை அல்லவா? இனிமேல் எங்கள் வீட்டில் ஒரு சிரட்டையும் அடுப்புக்குப் போகக்கூடாது என்று உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வழி நெடுக யோசித்தேன்.

அந்தப் பாட்டை மாமா அதுவரைக்கும் எங்கள் பின்னறையில் மட்டும்தான் வாசித்திருந்தார், கதவைச் சாத்தி, ஜன்னலில் தலையணை வைத்து, கிணற்றடிக்கும் கேட்காத மாஜரின் மூடியால். அதை வாப்பா எங்கே நின்று கேட்டார் என்றோ, 'எப்பவும்' என்று சொல்வதற்கு எத்தனை நாள் அங்கே நின்றிருக்கவேண்டும் என்றோ கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.